யாரும் அளக்காத மூன்று மணி

ஒரே ஆளின் மஞ்சள் பையில் இரண்டு சீட்டுகள். ஒன்றில் 118/72 என்று இருக்கிறது. இன்னொன்றில் வலது கண் 14, இடது கண் 15. முதல் சீட்டைத் திருச்சி தில்லைநகரில் பொது மருத்துவர் எழுதினார், இரண்டாவதைத் தென்னூரில் கண் மருத்துவர். இரண்டு பேருமே, “நல்லா இருக்கு சார், இதையே கன்டினியூ பண்ணுங்க” என்றுதான் அனுப்பினார்கள். இரண்டு எண்களும் நல்ல எண்கள்தாம். அப்புறம் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஃபீல்டு டெஸ்ட் எனும் பார்வைப்புலப் பரிசோதனைத் தாளில், மூக்கை ஒட்டிய மூலையில் சாம்பலாக இருந்த இடம் கறுப்பாகி, அந்தக் கறுப்பு மெல்ல நடுப்பக்கம் நகர்ந்துகொண்டே வருகிறது? அந்த ஆளும் பையும் கற்பனை. கேள்வி கற்பனை அல்ல. கிளாக்கோமா பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும், கண் அழுத்தம் கட்டுக்குள் இருந்தும் நரம்பு தேய்ந்துகொண்டே போகும் ஒருசிலர் தம் நோயாளிகளில் உண்டு என்பார். அந்த ஒருசிலரைப் பற்றிய உறுத்தல் இது.

கிளாக்கோமா வலிக்காது. அதிலும் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் திறந்த கோண வகை, ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வேலை செய்யும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. முதலில் போவது பெரும்பாலும் ஓரப் பார்வை. செய்தித்தாள் படிக்க முடிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது, பேரன் முகம் தெரிகிறது. ஆனால் தென்னூர் உழவர் சந்தை வாசலில் இடப்பக்கமாக ஒடித்துத் திரும்பிய ஆட்டோ, மேலே வந்து இடிக்கிறவரை தெரிவதில்லை. ஒரு கண்ணின் குறையை மறு கண் நிரப்பிவிடும், மீதியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். பார்க்கிறவருக்குக் கறுப்பு எதுவும் தெரியாது, இல்லாத இடம் இல்லாததாகவே தெரியாது. ஃபீல்டு டெஸ்ட் எடுக்கும் இருட்டறைதான் அதைக் காட்டிக்கொடுக்கும் இடம். ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியிலிருந்து பார்வையை எடுக்காமல், வெள்ளைக் கிண்ணத்துக்குள் மின்னி மறையும் சிறு வெளிச்சங்களுக்குப் பட்டன் அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் கண் காயும், கழுத்து வலிக்கும், வெளிச்சம் வந்ததா வரவில்லையா என்று மனசு குழம்பும். பரீட்சையில் தோற்றுவிட்டோம் என்று முகம் வாடி வெளியே வரும் பெரியவர்களை எந்தக் கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

1905ஆம் ஆண்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில்தான் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகொலாய் கொரட்கோஃப், கைப்பட்டையை இறுக்கித் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவும் கீழ் அளவும் கிடைக்கும் என்று சொன்னார். அதே ஆண்டில் நார்வேயில் யால்மார் ஷியோட்ஸ், கருவிழியின் மேல் வைத்துக் கண்ணின் அழுத்தத்தை அறியும் தம் கருவியை முன்வைத்தார். இரண்டு அளவுகளுமே மில்லிமீட்டர் பாதரசத்தில்தான் சொல்லப்படுகின்றன. ஒரே ஆண்டில் வந்து, ஒரே அலகில் பேசினாலும், இரண்டும் வேறு வேறு அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று பொது மருத்துவரின் மேசைக்கு, மற்றது கண் மருத்துவரின் இருட்டறைக்கு. திருச்சி மேலப்புதூரில் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் கண் மருத்துவமனை தொடங்கிய 1934ஆம் ஆண்டிலேயே இந்தப் பிரிவு உலகெங்கும் நிலைத்துவிட்டிருந்தது. இன்றும் நிலைத்திருக்கிறது.

இரண்டுக்கும் உறவு உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் மக்கள் நினைக்கிற உறவு அல்ல. பி.பி. ஏறினால் கண் அழுத்தமும் கூடவே ஏறும், பி.பி.யை அடக்கினால் கண்ணும் அடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனே, சொட்டு மருந்து வேறு எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த பீவர் டாம் ஆய்வு இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 10 மில்லிமீட்டர் கூடினால் கண் அழுத்தம் கூடியது ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். 120 இருந்தவருக்கு 160 ஆனாலும் கண்ணில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. மற்ற ஊர்களில் செய்த ஆய்வுகளும் இதற்கு வெகுதூரம் போகவில்லை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் எவ்வளவு, அது வடியும் சல்லடை எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பவைதாம் கண் அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு அதில் பங்கு சிறிது. ஆகவே சொட்டு மருந்தின் வேலையை மாத்திரை செய்யாது.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை.

சென்னை சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் சென்னை நகரத்திலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்துவந்து பரிசோதித்தார்கள். சென்னை கிளாக்கோமா ஆய்வு என்று உலகம் அதை அறியும். திறந்த கோண கிளாக்கோமா கிராமத்தில் 1.62 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 3.51 சதவீதம் பேருக்கும் இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தமக்கு அந்த நோய் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள். அதைவிடத் துணுக்குற வைப்பது வேறொன்று. அவர்களில் பெரும்பாலானோரின் கண் அழுத்தம், அளந்த அன்று, இயல்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் 21க்குள்தான் இருந்தது. கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும், நம் ஊர்க்காரர்களின் கருவிழி ஐரோப்பியர்களுடையதைவிடச் சற்று மெல்லியது என்பது ஒரு சமாதானம். ஒரு நாளில் ஒருமுறை மட்டும் அளந்தால் உச்சம் தப்பிப்போகும் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனாலும் மிச்சம் இருக்கிறது. மறுபக்கத்தில், 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கண் அழுத்தம் அதிகமிருந்தும் மருந்து போடாமல் கவனிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டில் பத்தில் ஒருவருக்குத்தான் நோய் வந்தது. அழுத்தம் கூடியவர்களில் பலர் தப்புகிறார்கள், கூடாதவர்களில் பலர் மாட்டுகிறார்கள். கண் அழுத்தத்தைக் குறைப்பதுதான் இன்றுவரை நிரூபணமான ஒரே வைத்தியம். இயல்பான அழுத்தம் உள்ளவர்களுக்குக்கூட அதை இன்னும் 30 சதவீதம் குறைத்தால் பலர் காப்பாற்றப்படுகிறார்கள் என்று 1998இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் குறைத்தும் சிலர் பார்வையை இழந்துகொண்டே இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் பதிவாகியிருக்கிறது.

தென்னூருக்குப் பக்கத்தில் ஓடும் உய்யகொண்டான் வாய்க்கால் ஒன்றை விளக்கும். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டும் கடைசி வயலின் கதையைச் சொல்லாது. வயலின் மேட்டைத் தாண்டி ஏற அந்த உயரம் போதுமா என்பதுதான் கேள்வி. தலைப்பில் நீர் இறங்கினாலும் வயல் காயும், வயல் மேடானாலும் காயும், இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் முதலில் காய்வது கடைமடை. கண்ணின் நரம்புத் தலை உடம்பின் கடைமடைகளில் ஒன்று. ரத்தம் உள்ளே வர வேண்டுமானால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத்தான் வர வேண்டும். ஆகவே அதற்கு முக்கியம் ரத்த அழுத்தமும் அல்ல, கண் அழுத்தமும் அல்ல, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது. ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 80, கண் அழுத்தம் 15 என்றால் மிச்சம் 65, தாராளம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 5,000 பேருக்கு மேல் பரிசோதித்து 1995இல் வெளியிட்ட முடிவில், இந்த மிச்சம் 30க்குக் கீழே போனவர்களிடம் திறந்த கோண கிளாக்கோமா ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. அந்த அளவுகள் பகலில், நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தவை. பகலில் 30க்குக் கீழே இறங்குகிறவர்கள் சிலர்தாம். இரவில்?

இரவில் இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்குவது இயற்கை, இதயத்துக்கு நல்லதும்கூட. சிலருக்கு இருபதைத் தாண்டியும் இறங்கும். கண் அழுத்தமோ, படுத்த உடனேயே சில மில்லிமீட்டர் ஏறிவிடும். அமெரிக்காவின் சான் டியேகோவில், ஆட்களைத் தூங்கவைத்து இரவெல்லாம் இடையிடையே எழுப்பிக் கண்ணை அளந்தவர்கள், உச்சம் பலருக்கும் விடியலை ஒட்டி வருவதைக் கண்டார்கள். மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தில் அது எவருடைய கருவியிலும் விழாது. படுத்திருக்கும்போது இதயமும் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் கண்ணுக்கு ரத்தம் ஏறுவது எளிதாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பகலில் கீழ் அளவு 72 உள்ளவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறார். மூன்று மணிக்கு அது 50க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் 14 இருந்தது 20 ஆகிறது. மிச்சம் 30. பொழுது விடிந்து, திண்ணையில் காபி குடிக்கும்போது எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். பத்து மணிக்கு மருத்துவரிடம் போனால் இரண்டு நல்ல எண்கள் கிடைக்கும்.

இந்த மூன்று மணியைப் பற்றி முதலில் விடாப்பிடியாகப் பேசியவர்களில் ஒருவர் இந்தியர். சோகன் சிங் ஹைரே, பஞ்சாபில் பிறந்தவர், பின்னர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் கண் நரம்பின் ரத்தக் குழாய்களைப் படித்தவர். நோயாளிகளின் கையில் 24 மணி நேரம் பட்டையைக் கட்டிவிட்டு எடுத்த அளவுகளை அவரும் சகாக்களும் 1994இல் வெளியிட்டார்கள். பி.பி. மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்களில், பார்வைப்புலம் மோசமாகிக்கொண்டே போனவர்களுக்கு இரவில் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடத் தாழ்ந்து இறங்கியிருந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. கிளாக்கோமாவுக்கு அன்று எங்கும் எழுதப்பட்ட டிமோலால் சொட்டு மருந்தும் இரவு ரத்த அழுத்தத்தை இறக்குகிறது என்று 1999இல் காட்டினார். இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் உள்மூலைத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கிறது. தொண்டையில் கசப்பு தட்டுகிறது என்று நோயாளிகள் சொல்வார்களே, அந்த வழிதான். டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும் ரகம். அதுவும், இரவில் கண்ணுக்குள் நீர் சுரப்பதே குறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் கண் அழுத்தத்தைக் குறைக்க அதற்கு வேலையும் அதிகமில்லை. இரவுச் சொட்டு கண்ணுக்கு உதவாமல் ரத்த அழுத்தத்தை மட்டும் இறக்கினால் அது எப்படிப்பட்ட பேரம்? மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் ரத்தத்துக்குப் போவது வெகுவாகக் குறையும். அவசரமான வெளிநோயாளர் பிரிவில் இதைச் செய்துகாட்ட ஒருவருக்கு நேரம் கிடைப்பது அரிது. கிடைக்க வேண்டும்.

ஹைரே சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. சந்தேகங்கள் உண்மையானவை. இரவில் ரத்த அழுத்தம் இறங்குவதால் நரம்பு தேய்கிறதா, அல்லது ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதானவருக்கு இரண்டும் சேர்ந்து வருகின்றனவா? உடம்பு சும்மா இருப்பதில்லை. அழுத்தம் இறங்கினால் கண் நரம்பின் சிறுகுழாய்கள் தாமே விரிந்து ரத்தத்தைச் சமன்செய்துகொள்ளும், ஆரோக்கியமானவருக்கு எந்த இரவும் தீங்கு செய்யாததற்கு அதுதான் காரணம். அந்தச் சமன்செய்யும் திறன் யாருக்கு இருக்கிறது, யாருக்குப் போய்விட்டது என்று பரிசோதித்துச் சொல்ல எளிய கருவி எந்த கிளினிக்கிலும் இல்லை. 2014இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று, இயல்பான கண் அழுத்தத்துடன் கிளாக்கோமா உள்ளவர்களைப் பின்தொடர்ந்து, இரவு ரத்த அழுத்தம் பகல் சராசரிக்குக் கீழே எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அதற்கேற்பப் பார்வைப்புலம் சுருங்குகிறது என்றது. பார்படோஸ் தீவில் ஒன்பது ஆண்டுகள் பார்த்தவர்களும் தாழ்ந்த ரத்த அழுத்தத்தைத்தான் குற்றம் சாட்டினார்கள். அதற்குமேல், கண்ணுக்குப் பின்னால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அது குறைவாக இருப்பவர்களுக்கும் நோய் வருகிறது என்று 2008க்குப் பிறகு பேசத் தொடங்கினார்கள். அதை அளக்க முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டும். கண்ணுக்காக யார் அதற்குச் சம்மதிப்பார்கள்?

ஸ்ரீரங்கத்தில் பொழுது விடியுமுன் எழுந்து, குளித்து, விஸ்வரூப தரிசனத்துக்கு நிற்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது இந்த எண்களெல்லாம் வேறு முகம் கொள்கின்றன. விடியலில் கண் அழுத்தம் உச்சத்தை ஒட்டியிருக்கிறது, இரவு மாத்திரையின் வேகம் இன்னும் முழுதாய் இறங்கவில்லை, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் ஒரு கணம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடும் அந்தத் தலைசுற்றலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வதையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிக்கும் வழக்கமும் அப்படியே. கண் மருத்துவர்கள் அதே ஒரு லிட்டரை ஐந்து நிமிடத்தில் குடிக்கவைத்து, கண் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதை ஒரு பரிசோதனையாகவே வைத்திருக்கிறார்கள். சிரசாசனம் செய்யும்போது கண் அழுத்தம் இரு மடங்காகிறது என்பது 2006இல் வெளிவந்த சங்கர நேத்ராலயா ஆய்வு. நரம்பு ஏற்கெனவே தேய்ந்தவர்கள் தலைகீழாய் நிற்பதை விடுவது நல்லது. ஓபோ போன்ற, மூச்சை எதிர்த்து நிற்கும் கருவிகளை ஊதுகிறவர்களுக்கு ஊதும் நேரத்தில் கண் அழுத்தம் ஏறுவதையும் அளந்திருக்கிறார்கள். ஓபோவைப் போலவே நாதஸ்வரமும் இரட்டை நாக்குக் கருவி. சீவாளியை உதட்டில் வைத்து மணிக்கணக்கில் மூச்சடக்கி வாசிக்கும் கலைஞர்களின் கண்களை ஆண்டுக்கொருமுறையாவது அவர்கள் வாழும் ஊரிலேயே பார்ப்பது செய்யத்தக்க வேலை.

இதையெல்லாம் படித்து யாராவது பி.பி. மாத்திரையை நிறுத்தினால் அது பெரிய தீங்கு. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் இந்த மண்ணில் எத்தனை குடும்பங்களை நிலைகுலைய வைத்திருக்கின்றன என்பதை அறியப் புத்தூர் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஒரு பகல் நின்றால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் வீடு தேடி வந்து அளந்து மாத்திரை கொடுப்பது அரிய செயல். உயர் ரத்த அழுத்தம் கண்ணுக்கும் நண்பன் இல்லை. தொடக்கத்தில் கூடுதல் அழுத்தம் கண் நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளிக் காப்பதுபோல் தோன்றினாலும், ஆண்டுகள் போகப் போக அதே அழுத்தம் சிறுகுழாய்களை விறைக்கவைத்து, விரிந்து சுருங்கும் திறனைப் பறித்துவிடுகிறது. பால்டிமோர் கணக்கிலேயே, வயது குறைந்தவர்களிடம் காவலாகத் தெரிந்த உயர் அழுத்தம் வயதானவர்களிடம் ஆபத்தாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டு, குழாய்கள் விறைத்த பிறகு, ஒரேயடியாக மாத்திரையைக் கூட்டி இறக்கும்போதுதான் கடைமடை காய்கிறது.

மாத்திரை வேண்டுமா என்பதில் கேள்வியே இல்லை. எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. அதிலும் சில காலம் குழப்பம் இருந்தது. 2019இல் ஸ்பெயினில் 19,000 பேரை வைத்துச் செய்த ஹைஜியா ஆய்வு, படுக்கப்போகும்போது மாத்திரை போட்டவர்களுக்கு இதயப் பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்றது. உலகெங்கும் இரவு மாத்திரைக்குத் திடீர் மவுசு வந்தது. அந்த ஆய்வு நடந்த முறையைப் பற்றிக் கேள்விகளும் எழுந்தன. 2022இல் பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல், ஐந்தாண்டு அளவுக்குப் பின்தொடர்ந்து முடித்த டைம் ஆய்வு, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் இதயத்துக்கு வித்தியாசம் இல்லை என்று காட்டியது. இதய மருத்துவர்களுக்கு அது ஏமாற்றமான முடிவாக இருந்திருக்கலாம். கிளாக்கோமா உள்ளவருக்கு அது பெரிய விடுதலை. இதயத்துக்கு எந்த நட்டமும் இல்லாமல் மாத்திரையைக் காலைக்கு மாற்றிக் கேட்க அவருக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. கேட்பதற்கு முன்னால், தமக்குக் கிளாக்கோமா இருக்கிறது என்று பொது மருத்துவரிடம் அவர் சொல்லியிருக்க வேண்டும். கண் மருத்துவரும் மாத்திரைப் பட்டியலில் எது எந்த நேரம் என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். தென்னூரும் தில்லைநகரும் நடந்தே போய்விடும் தூரம்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. நீண்ட நாள் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ள பலருக்கு இரவில் ரத்த அழுத்தம் இறங்குவதே இல்லை, சிலருக்கு ஏறவும் செய்கிறது. அவர்களுடைய இரவு மாத்திரையைக் கண்ணுக்காகக் காலைக்கு மாற்றினால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் வரலாம். யார் இறங்குகிறவர், யார் இறங்காதவர் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. 24 மணி நேரப் பட்டை ஒன்றுதான் வழி. அதுவும் குறையில்லாத கருவி அல்ல. இரவில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை இறுகும்போது தூக்கம் கலையும், கலைந்த தூக்கத்தில் அழுத்தம் சற்று ஏறும், இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகும். அப்படியும் அதில் ஆழமான இறக்கம் தெரிந்தால், உண்மையில் இறங்கியது அதைவிட அதிகம் என்று கொள்ளலாம். கண் அழுத்தம் 14இல் நின்றும் பார்வைப்புலம் சுருங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு, இன்னொரு சொட்டு மருந்தைச் சேர்ப்பதற்கு முன்பாக, அந்தப் பட்டையை ஓர் இரவு கட்டிப் பார்க்கலாம்.